எம்.எல்.ஏ, எம்.பி கிட்ட மனு குடுத்தா அரசு ஊழியர் வேலைக்கு பாதுகாப்பு கெடைக்குமா?

மனு குடுத்து போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்தா ஒண்ணும் நடக்காதுங்க, நேரம் பாத்து புடிச்சா நடக்கும். 2006ல என்.எல்.சி (மத்திய அரசோட நெய்வேலி நிலக்கரி நிறுவனம்) பங்குல 10 சதவீதத்த விக்க மத்திய அரசு முடிவு பண்ணப்ப நெய்வேலில தொழிலாளர்க ஸ்டிரைக்ல இறங்குனாங்க, கூட்டணில இருந்த திமுகவும் எதிர்த்து நின்னுச்சு, ஜூலைல மன்மோகன் சிங் எல்லா பங்கு விற்பனையையுமே நிறுத்தி வெச்சார். ஸ்டிரைக் மட்டும் போதாதான்னா, 2003ல தமிழ்நாட்டுல ஸ்டிரைக் பண்ண ஒன்றரை லட்சத்துக்கு மேல ஊழியர்கள டிஸ்மிஸ் பண்ணாங்களே, சுப்ரீம் கோர்ட்டும் அவங்களுக்கு ஸ்டிரைக் பண்ற அடிப்படை உரிமையே இல்லைன்னுடுச்சு. அதனால உங்க எம்.எல்.ஏ கிட்ட "காப்பாத்துங்க"ன்னு மொட்டையா சொல்லாம, எந்த ஜி.ஓ (அரசாணை), சபைல என்ன கேள்வி கேக்கணும்னு ஒரே பக்கத்துல எழுதி குடுங்க (பத்து பக்கம்னா பி.ஏ கூட படிக்க மாட்டார்).