பிஷ்ணுபூரில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் அலுவலக வேலையாகக் கொல்கத்தா போகிறேன். அப்படியே மேற்கு வங்கத்துப் பிஷ்ணுபூரையும் ஒரு நாளில் பார்த்துவிட எண்ணம். நண்பர் தடுக்கிறார். "எல்லாம் சின்னச் சின்ன செங்கல் கோயில், பலவற்றில் சாமியே இல்லை. தஞ்சாவூரைப் பார்த்தவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார். போகலாமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரு ராத்திரி தங்குங்கள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினால் உச்சி வெயிலில்தான் கோயில் பார்க்க வாய்க்கும். அந்தக் கோயில் சுவர்களில் இருக்கும் சுடுமண் சிற்பங்களுக்கு ஆழம் குறைவு. வெயில் சாய்வாக விழுந்தால்தான் உருவம் துலங்கும்.

நண்பர் சொன்னதில் பொய் இல்லை. ராஸ்மஞ்சா, சியாம்ராய், ஜோர்பங்களா மூன்று கோயில்களும் தொல்லியல் துறை வசம், பூஜை கிடையாது. தீபாராதனை பார்த்தே ஆகவேண்டும் என்றால் சாயங்காலம் மதன்மோகன் கோயிலுக்குப் போங்கள். (அங்கே முதலில் இருந்த மதன்மோகன், அதாவது கண்ணன் விக்கிரகம், ராஜாவின் கடனுக்கு அடகாகிக் கொல்கத்தா பாக்பஜாருக்குப் போய்விட்டார் என்பார்கள்.)

தஞ்சாவூரை எதற்கு இழுக்க வேண்டும்? அது கருங்கல். இங்கே கைக்குக் கிடைத்தது களிமண். ஊரை ஆண்ட மல்ல ராஜாக்கள் அதைச் சுட்டுக் கட்டினார்கள். கூரைகூட ஊர்க் குடிசைக் கூரைதான், மழைத்தண்ணீர் வழிய ஓரம் வளைந்து இறங்குமே, அதே வளைவு செங்கல்லில். 1655-ல் ரகுநாத் சிங் கட்டிய ஜோர்பங்களா அப்படி இரண்டு குடிசைகளை ஒட்டவைத்து, உச்சியில் ஒரு குட்டிக் கோபுரம் ஏற்றியது. லால்ஜி மாதிரி செம்புறாங்கல் கோயில்களும் உண்டு. எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை.

கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற நம் பழக்கம் அங்கே உதவாது. சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நில்லுங்கள். சியாம்ராயில் (1643) ராச மண்டலம்: நடுவில் கண்ணனும் ராதையும், சுற்றி வட்டம் வட்டமாகக் கோபியர். ஜோர்பங்களாவில் அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். அதே கோயில் சுவரில் வேட்டை, படகு, துப்பாக்கியோடு வீரர்கள். சாமி இல்லாத கோயில்தான், ஆனால் சுவரில் ஊரே இருக்கிறது. அந்த இரண்டு கோயிலுக்கே ஒரு பொழுது சரியாகப் போய்விடும்.

ஜனவரி நல்ல மாதம். டிசம்பர் கடைசியில் மேளா, கூட்டம் நெரியும். ஊருக்குள் சுற்ற டோட்டோ (பேட்டரி ரிக்‌ஷா) கிடைக்கும். மத்தியானம் ஆலு போஸ்தோ கேளுங்கள். உருளைக்கிழங்கில் கசகசாவை அரைத்துவிட்டது, உளுத்தம்பருப்போடு சாப்பிட வேண்டும். அப்புறம், பாஞ்சமுரா என்ற ஊரில் செய்யும் மண்குதிரை வாங்காமல் வரமாட்டீர்கள். அதன் காதும் வாலும் தனியாகச் செய்து செருகியவை. கழற்றித் தனியே துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், ரயிலில் முதலில் உடைவது காதுதான்.