கையால் சுற்றிப் பாருங்கள்: மின்விசிறி கேள்வி – பதில்

சீலிங் ஃபேன் சுவிட்ச் போட்டதும் முனகுகிறது, சுற்றுவதில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது. வைண்டிங் போய்விட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். கட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

அவசரப்படாதீர்கள். தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றாலே ஓட்டும் காயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபேனுக்குள் இரண்டு காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள், உண்டு. ஒன்று நேராக மின்சாரம் வாங்கும், அதுதான் ஓட்டும் காயில்; இன்னொன்று கண்டன்சர் (மின்தேக்கி) வழியாக வாங்கும். இந்த இரண்டாவது காயில்தான் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தள்ளிக்கொடுப்பது. அது வேலை செய்யாதபோது ஃபேன் முனகிக்கொண்டு நிற்கும். நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடத் தொடங்கும். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓடினால் பத்தில் ஒன்பது கண்டன்சர்தான் குற்றவாளி.

மாற்றுவது கடினமில்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் அணையுங்கள். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள்; அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் நிற்கும். பிறகு டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஃபேனுக்கு மேலே ராடில் இருக்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்திக் கீழே இறக்கினால் கனெக்டரும் கண்டன்சரும் தெரியும். வயர் எது எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயில் முழுதாக இருந்தால் கண்டன்சரில் மிச்சமிருக்கும் மின்சாரம் காயில் வழியாகவே இறங்கிவிடும். காயில் அறுந்திருந்தால் இறங்காது. இரண்டில் எது என்று இப்போது தெரியாது. ஆகவே பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டே கழற்றுங்கள்.

கண்டன்சர் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். 48 அங்குல ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட், 440 வோல்ட். அதே மைக்ரோஃபேரட், 440-க்குக் குறையாத வோல்ட் வாங்குங்கள். "வேகம் கூடும், 4 போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூடும் மின்சாரம் காயிலைச் சூடாக்கும். புதியது போட்டும் முனகினால் தள்ளும் காயில் அறுந்திருக்கலாம். அப்போதுதான் வைண்டிங் பேச்சு.

ஒன்று மறக்க வேண்டாம்: முனகிக்கொண்டு நிற்கும் ஃபேனை "தானாகச் சுற்றும்" என்று விட்டுவைக்காதீர்கள். நல்ல காயிலும் வெந்துபோவது அப்படித்தான்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் காற்றே இல்லை. ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணிவிடலாம்.
– வாசகர், விழுப்புரம்

முதலில் வோல்டேஜைப் பாருங்கள். மோட்டாரின் முறுக்கு வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் வலு ஏறத்தாழ 60 சதவீதம்தான். ராத்திரி எட்டு மணிக்கு மெதுவாகவும் விடியற்காலை நன்றாகவும் ஓடினால் ஃபேனைக் குறை சொல்லாதீர்கள்.

எப்போதுமே மெதுவாகத்தான் ஓடுகிறதா? அப்படியானால் முழு வேகத்தில் ஓடவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். நல்ல பேரிங் இருந்தால் ஃபேன் வெகுநேரம் தானாகச் சுற்றி மெல்ல நிற்கும். பிரேக் போட்டதுபோல் நின்றால் பேரிங் இறுகியிருக்கிறது. தாராளமாகச் சுற்றி நின்றால் கண்டன்சரைச் சோதியுங்கள். இதற்குள் இருப்பது உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அங்கங்கே ஊசித் துளை விழும். துளையைச் சுற்றிய பூச்சு ஆவியாகி அந்த இடம் தானே அடைபடும். கண்டன்சர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். சில ஆண்டுகளில் 2.5 என்று எழுதியிருப்பது மல்டிமீட்டரில் 1.6 காட்டும். மீட்டரில் மைக்ரோஃபேரட் அளவு இருந்தால் பாருங்கள், 2.3-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். மீட்டர் இல்லையென்றாலும் கவலையில்லை, புதியதன் விலை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இறக்கை ஓரத்தில் படிந்த அழுக்கும் காற்றைக் குறைக்கும். அதைத் துடைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் எத்தனை பேர்!

கரகரவென்று சத்தம். மேலே ஏறித் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது.
– வாசகர், நாகர்கோவில்

அந்த எண்ணெய் பேரிங்குக்குள் இருந்த கிரீஸைக் கரைத்து வெளியேற்றியிருக்கும். சீலிங் ஃபேன் பேரிங்குகள் இரண்டு பக்கமும் மூடியவை. எண்ணெய் விடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும், தூசியைப் பிடிக்கும், காயில் மேலும் வழியும். இனிப் பேரிங்கை மாற்றுவதே வழி.

பெரும்பாலான ஃபேன்களில் 6202, 6201 என்ற எண்கள் இருக்கும். 6202-க்கு உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, கனம் 11 மில்லிமீட்டர். 6201-க்கு 12, 32, 10. சில ஃபேன்களில் இரண்டுமே 6202. பழையதன் விளிம்பில் பொறித்த எண்ணைப் படித்துவிட்டு அதையே வாங்குங்கள். எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் இரும்பு மூடி.

இறக்கைகளைக் கழற்றி ஃபேனை இறக்கிய பிறகு, உடலின் மேல்பாதி கீழ்ப்பாதி சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே கோட்டில் சேர வேண்டும். இல்லையென்றால் புதிய பேரிங்கிலும் சத்தம் வரும். பழையதைப் புல்லரால் (பேரிங் இழுக்கும் கருவி) இழுங்கள், உளியால் நெம்பாதீர்கள். புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். அதற்கேற்ற குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் உள்ளேயிருக்கும் குண்டுகள் தடம் பதித்துவிடும்; புதிய பேரிங் அன்றைக்கே பழசு. தண்டின் துளை வழியாக வரும் வயர்கள் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷர்கள் இருந்த வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும்.

ஐந்தாம் எண்ணில் மட்டும்தான் ஓடுகிறது. மற்ற எண்களில் அசைவே இல்லை.
– வாசகி, சேலம்

ரெகுலேட்டர். ஐந்தில் மின்சாரம் நேராகப் போகிறது. மற்ற எண்களில் அதற்குள் இருக்கும் கண்டன்சர்கள் வழியாகப் போகிறது. அவை போய்விட்டன. பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டராக இருந்தால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருக்கும். படிப்படியாகத் திரும்பும் வகையை வாங்குங்கள். விளக்குக்கான டிம்மரைப் போட்டால் ஃபேன் முனகும்.

ஃபேன் ஆடுகிறது. விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பயம் நியாயம்தான், ஆனால் விழுவது ஆட்டத்தால் அல்ல, தேய்மானத்தால். மெயினை அணைத்து மேல் கிண்ணத்தை இறக்கி, கொக்கியைப் பிடித்திருக்கும் போல்ட், ரப்பர் உருளை, போல்ட் முனையில் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னின் இரண்டு கால்களும் விரிந்திருக்க வேண்டும். கால் விரியாத பின், பின்னே இல்லாததற்குச் சமம். ராடின் கீழ்ப்பக்கமும் இதேபோல ஒரு போல்ட், ஒரு பின். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். கொக்கி பாதி தேய்ந்திருந்தால் அந்த ஃபேனை ஓட்டவே கூடாது.

இவை சரியென்றால் இறக்கைகளுக்கு வாருங்கள். திருகுகளை இறுக்கிவிட்டு, சீலிங்கிலிருந்து ஒரு இறக்கை நுனிக்கு எத்தனை அங்குலம் என்று அளவுகோலால் அளந்து, கோலை அசைக்காமல் மற்ற இறக்கைகளைக் கையால் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இறக்கையின் பட்டை வளைந்திருக்கிறது. சுத்தம் செய்யும்போது தொங்கியதால் வரும் வினை இது. மெதுவாக வளைத்துச் சமப்படுத்தலாம். அளவு சரியாக இருந்தும் ஆடினால், ஒரு ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு இறக்கையின் மேல்பக்கம் நடுவில் டேப் போட்டு ஒட்டி, எதில் ஆட்டம் குறைகிறதோ அதில் விட்டுவிடுங்கள். இறக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த செட். வேறொரு ஃபேனின் ஒற்றை இறக்கையை மாட்டினால் ஆட்டம் நிற்காது.

வைண்டிங் கட்டி வந்த பிறகு ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, காற்று மேலே போகிறது.
– வாசகர், காரைக்குடி

நம் ஊர் சீலிங் ஃபேன் கீழிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஃபேனிலிருந்து மூன்று வயர் வரும். மெயினை அணைத்து, கண்டன்சரைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம் அளவிடுங்கள். உதாரணத்துக்கு 180, 220, 400 என்று வந்தால், 400 காட்டும் இரண்டு முனைகளுக்கு நடுவே கண்டன்சர். மீதி ஒன்று பொது. மெயின் வயர்களில் ஒன்று பொதுமுனைக்கு, இன்னொன்று ஓட்டும் காயிலின் முனைக்கு. பூட்டியவர் அதைக் கண்டன்சரின் மறுமுனையில் கொடுத்திருந்தால் ஃபேன் திரும்பிச் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் சரியாகும். எது ஓட்டும் காயில் என்று வைண்டிங் கட்டியவரிடமே கேளுங்கள். இணைப்பு சரியாக இருந்தும் எதிர்ப்பக்கம் சுற்றினால், அவர் உள்ளே தள்ளும் காயிலின் முனைகளை மாற்றிக் கட்டியிருக்கிறார். அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மேசை ஃபேன் அரை மணி நேரத்தில் கொதிக்கிறது, வேகம் குறைகிறது. கூண்டைத் தொட்டால் சுர்ரென்கிறது.
– வாசகர், புதுச்சேரி

இரண்டு வேறு கோளாறுகள். சுர்ரென்பதுதான் முதலில். பிளக்கைப் பிடுங்குங்கள், சரியாகும்வரை ஓட்டாதீர்கள். பெரும்பாலும் ஃபேன் தலை ஆடி ஆடிக் கழுத்துப் பகுதியில் வயர் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மீட்டரை மெகா ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் அல்லாத முனைகளுக்கும் கூண்டுக்கும் நடுவே பாருங்கள். எந்த அளவும் காட்டக் கூடாது. உரிந்த வயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல் முழுதாக மாற்றுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் வயர் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூட்டுக்குக் காரணம் தண்டைத் தாங்கும் புஷ். மேசை ஃபேனில் குண்டு பேரிங் அநேகமாக இருக்காது, எண்ணெய் குடிக்கும் வெண்கலப் புஷ்தான். அது காய்ந்து முடி, தூசியோடு இறுகியிருக்கும். இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி பெரும்பாலும் எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால் கழலும். இது தெரியாமல் உடைத்தவர்கள் ஏராளம். தண்டில் சுற்றிய முடியை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, முன்புஷ்ஷிலும் பின்புஷ்ஷிலும் தையல் மெஷின் எண்ணெய் மூன்று நான்கு சொட்டு. புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளி வளையமும் நனைய வேண்டும், அதுதான் எண்ணெய்க் கிடங்கு. விரலால் சுண்டினால் தண்டு தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பின்மூடியின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டிவிட்டு, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். இரண்டு புஷ்ஷும் நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது லொடலொடத்தால் புஷ் தேய்ந்தாயிற்று, எண்ணெய் பயன்படாது.