பெரிய விலங்குக்கு எந்தத் தோட்டா? துப்பாக்கிக் கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலில் இருந்தவன் என்பதால் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை. கீழே எருமை, யானை என்று வருவதெல்லாம் அனுமதியோடு வேட்டை நடக்கிற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பழைய காலத்துக்கும்தான்.

ஓசூர்: தான்சானியாவில் வேலை பார்க்கிறேன் அண்ணா. முதலாளி லைசென்ஸ் எடுத்து எருமை வேட்டைக்குப் போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். .375 போதுமா, .458 வேண்டுமா?

.375 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி) போதும் தம்பி. இந்த எண்கள் அங்குலக் கணக்கில் குண்டின் விட்டத்தை ஏறத்தாழச் சொல்பவை; தோட்டா என்பது முழுசு, குண்டு என்பது அதிலிருந்து பறந்து போகிற முனை. 1912இல் வந்த தோட்டா. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஆபத்தான விலங்குக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவே அதுதான். 300 கிரெயின் குண்டு, அதாவது பத்தொன்பது கிராம் சொச்சம், நொடிக்கு 2,500 அடி வேகத்தில் போகும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம்: அந்தக் குண்டு எப்படிச் செய்தது? மான் வேட்டைக்கான சாதாரண சாஃப்ட் பாயிண்ட், அதாவது ஈய முனை வெளியே தெரிகிற, பட்டதும் விரிகிற குண்டு, எருமையின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும், நெஞ்சுக்குள் போகாது. ஈயமும் செப்பு உறையும் ஒட்டிய பாண்டட் குண்டு, இல்லாவிட்டால் முழுச் செப்புக் குண்டு வாங்குங்கள். முழுச் செப்பு முனையில் இதழ் இதழாக விரியும், எடை அவ்வளவாகக் குறையாது. சாலிட் என்பது விரியாமல் நேராகத் துளைக்கிற குண்டு. அதிலும் உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்கு கோணாமல் போகும்.

முதல் குண்டு விரிவது, அடுத்தடுத்தவை சாலிட் என்பது பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். முதலிலேயே சாலிட் போட்டால் அது எருமையைத் துளைத்து வெளியே வந்து, மந்தையில் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயம்பட்ட எருமை புதருக்குள் புகுந்தால் அதைத் தேடிப் போவது யார்? நீங்கள்தான்.

பாலக்கோடு: காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா நல்லது?

வனத்துறைக்கு மனு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025இல் அரசு வழி செய்திருக்கிறது. சுடுவது வனத்துறையின் வேலை, நம் வேலை இல்லை.

தேன்கனிக்கோட்டை: வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் நம் ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் வைத்திருந்த .405 வின்செஸ்டர் எப்படிப்பட்டது?

1904இல் வந்த தோட்டா, 300 கிரெயின், 2,200 அடி வேகம். புலி, சிறுத்தைக்குத் தோல் மெல்லியது, அவற்றுக்கு அருமையான தோட்டா. ஆனால் .375 போலவே 300 கிரெயின்தான் என்றாலும் குண்டு குட்டை, விட்டம் பெரிது. அதனால் ஆழமாகப் போகாது. யானைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

தர்மபுரி: பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டரில் எண்ணூறு யானைக்கு மேல் சுட்டாரே? பெரிய தோட்டா எல்லாம் வெறும் பந்தா இல்லையா?

இந்தக் கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்தே பதில். பெல் யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். யானை மண்டை காற்றறைகள் நிறைந்த, தேனடை மாதிரியான எலும்பு. அதற்குள் மூளை இருக்கும் இடம் சிறியது. அவர் போட்டது 173 கிரெயின் சாலிட், நீளமான குண்டு, நேராக உள்ளே போகும். அதே 7 மில்லிமீட்டரில் சாஃப்ட் பாயிண்ட் போட்டிருந்தால் அந்தக் கதையே இல்லை. ஆக, பெல் கதையும் குண்டின் கட்டமைப்பைத்தான் சொல்கிறது.

அதே தர்மபுரி: அப்படியென்றால் சின்னதே போதும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே!

ஒத்துக்கொள்ளவில்லை. பெல்லுக்கு யானை நின்று கொடுத்தது, குறி பார்க்க நேரம் இருந்தது. பத்தடியில் பாய்ந்து வரும்போது மூளையைத் தேட முடியுமா?

காரிமங்கலம்: .458இன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவனைவிட .375ஐ நிதானமாகச் சுடுகிறவன் மேல் இல்லையா?

நூற்றுக்கு நூறு. இந்தச் சண்டையில் உருப்படியான பேச்சு இது ஒன்றுதான். சுடப் பழகும்போதே தோள் தானாகப் பின்வாங்கினால் அந்தத் துப்பாக்கியை அப்போதே கீழே வையுங்கள்.

பென்னாகரம்: தாத்தா காலத்துத் தோட்டா நாலைந்து பரணில் கிடைத்தது. வெடிக்குமா?

வெடித்துப் பார்க்கவே வேண்டாம். பித்தளையில் பச்சைக் களிம்பு, கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விரிசல் பழைய வியாதி. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் தோட்டாவை வைத்தது, குதிரை மூத்திரத்தின் அம்மோனியா பித்தளையைப் பிளந்தது. காரணம் 1921இல்தான் தெளிவானது. உள்ளே கார்டைட் என்ற பழைய கால வெடிமருந்தாக இருந்தால் இன்னும் மோசம், வெயிலில் அதன் அழுத்தம் ஏறும். அதற்காகவே இந்தியா போன்ற நாடுகளுக்கு மருந்தைக் குறைத்துத் தனியாக அடைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். வக்கீலைக் கேட்டுவிட்டு ஸ்டேஷனில் ஒப்படையுங்கள்.

ஊத்தங்கரை: பன்றிக்கு நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போடலாமா?

பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாரண்டஅள்ளி: கரண்ட் வைப்பதைவிடத் துப்பாக்கி மேல்தானே?

2023 மார்ச்சில் உங்கள் பக்கத்திலேயே கள்ளக் கரண்ட் வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டுமே குற்றம், இதில் மேல் என்ன, கீழ் என்ன? பன்றிக் கேள்வி இனி வந்தால் பதில் கிடையாது.

ஓசூர்: தோட்டாவை இங்கிருந்தே விமானத்தில் கொண்டு போகலாமா?

உங்களிடம் இங்கே லைசென்ஸ் இல்லையே தம்பி, தோட்டாவைத் தொடவே கூடாது. முதலாளி அங்கேயே வாங்கட்டும். அவர் விமானத்தில் போவதாக இருந்தாலும் ஆளுக்கு 5 கிலோதான், பெட்டியின் எடையும் அதில் சேரும். வாங்கியதும் அதே துப்பாக்கியில், அதே பெட்டித் தோட்டாவைச் சுட்டுக் குறியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் குண்டு போய்ப் படுகிற இடமும் மாறும்.