முட்டி வலிக்குது, எலும்பு தேஞ்சிருச்சா அக்கா?

ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் கேட்டவை. பதில் சொல்பவர் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ்.

பாம்பனிலிருந்து: முட்டி வலி உயிர் போகுது. எலும்புத் தேய்மானமா அக்கா?

அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரை வேறு, அது எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாவது; ஒடியும்வரை அது வலிக்காது. இரண்டுக்கும் 'தேய்மானம்' என்றே பேர் வைத்துவிட்டோம், குழப்பமே அதில்தான்.

கீழக்கரையிலிருந்து: உம்மாவுக்கு 64 வயது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டு பிரித்தாச்சு. இனி ஒன்றும் வேண்டாமே?

வேண்டும். நின்ற இடத்தில் விழுந்ததற்கே ஒடிந்தால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். கட்டுப் போடுகிற இடத்தில் பல பேர் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில்தான் ஆத்திரம். டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். அந்த அடர்த்தியை இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. உயரத்தையும் அளந்து பாருங்கள். என் சின்னம்மா அடுப்படி மேல்தட்டிலிருக்கும் புளிப்பானை எட்டவில்லை என்று ஸ்டூல் போட ஆரம்பித்தார். முதுகெலும்பு நசுங்கி அவர் குறைந்திருந்தார், எங்களுக்கு உறைக்கவே இல்லை.

சின்னப்பாலத்திலிருந்து: பாசி எடுக்கப் போறவ நான். வெயிலிலேயே கிடக்கேன். எனக்குமா வைட்டமின் டி குறையும்?

குறையலாம் தங்கச்சி. தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, விரலில்கூடத் துணி சுற்றித்தானே இறங்குகிறீர்கள்? வெயில் தோலில் பட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும், அப்போது அசட்டை வேண்டாம்.

தொண்டியிலிருந்து: பால் பிடிக்காது. மீன் போதுமா?

நெத்திலியை முள்ளோடு தின்றால் நல்லது. சீலா எத்தனை துண்டு தின்றாலும் சதையில் கால்சியம் கொஞ்சம்தான். மாதவிடாய் நின்றவருக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும்; 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. கருவாட்டைக் குறையுங்கள், உப்பு மிஞ்சினால் சிறுநீரோடு கால்சியமும் போகும்.

ஏர்வாடியிலிருந்து: எலும்புப்புரைக்கு வாரத்துக்கு ஒன்று என்று அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தாங்க. போட்டால் நெஞ்சு எரியுது.

டீயோடு போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தீர்களா? காலையில் வெறும் வயிற்றில், டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்குங்கள். அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது, கால்சியம் மாத்திரைகூட. ஆனால் எரிச்சல் வந்துவிட்டதால் அடுத்ததைப் போடுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் மருந்தும் இருக்கிறது. அப்புறம், பல் பிடுங்கப் போனால் அங்கேயும் இந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.