பெக்கோ, கிரேடர் ஓட்டப் பழகலாமா, இல்லை அதையும் ரோபோ எடுத்துவிடுமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் என்று போட்டிருக்கிறார். ஏ.எல். முடித்துவிட்டார், மாமா ஒருவர் கனரக இயந்திரம் (மண் வெட்டுகிற பெக்கோ, ரோட்டை மட்டம் செய்கிற கிரேடர்) பழகச் சொல்கிறார், ஆனால் ஆளில்லாமல் ஓடுகிற, மண் தள்ளுகிற டோசர் வீடியோக்களைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறதாம். தம்பி, உங்கள் வீட்டு நிலைமை எனக்கு விளங்குகிறது. காசு கட்டி வெளிநாட்டில் படிக்க வசதி இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதனால் நேராகவே சொல்கிறேன். ஒப்பரேட்டர் சீட் இன்னும் கனகாலத்துக்கு இருக்கும். அந்த சீட்டுக்கு ஏறிப் போகிற படிகளைத்தான் மெஷின் முதலில் எடுக்கிறது. அதை நான் கண்ணால் கண்டவன்.

நான் உப்புவெளி. சுனாமிக்குப் பிறகு 2005இல் டிப்பரில் கிளீனராகப் போனேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், 396 மீட்டர். அதுக்கு முதல் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அந்தக் கரைக்குப் போக வேண்டும், உங்கள் மாமாவுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் மட்டக்களப்பு ரோட்டில் எங்கே பார்த்தாலும் வேலை. அங்கேதான் ஒரு கிரேடர் ஒப்பரேட்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். கிண்ணியா ஆள், நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். ரோட்டின் உயரம் குறிக்கிற முளை அடிப்பேன், நூல் கட்டுவேன், லெவல் பார்க்கிறவர் சொல்கிற இடத்தில் ஸ்டாஃப் என்கிற அளவுக் கம்பை வெயிலில் ஆடாமல் பிடிப்பேன். ஏபிசி என்கிற ரோட்டு அடித்தளக் கல்லைக் கொட்டிப் பரவின பிறகு கிரேடர் பிளேடுக்குப் பின்னாலேயே நடந்து மேடு பள்ளத்தைக் கையால் காட்டுவேன். ஒரு வருடம் சீட்டில் ஏற விடவில்லை. அதுக்குப் பிறகு பகல் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று தந்தார். "கண் காண முந்தி இடுப்பு சொல்லும்டா, அதைக் கேட்டு ஓட்டு" என்பார். ஒரு விரற்கடை மேடு இருந்தாலும் மெஷின் அசைகிற அசைவில் தெரிந்துவிடும். அது பழக எனக்கு மூன்று வருடம் எடுத்தது. இந்தத் தொழிலில் நான் பெருமைப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

2012இல் கத்தார் போனேன். கிரேடர்தான், ரோட்டு வேலை. என்னைச் சுற்றி நாலு பேர்: லெவல் பார்க்கிற ஒருவர், முளைக்கும் ஸ்டாஃபுக்கும் இரண்டு பேர், ஒரு ஹெல்ப்பர். 2014இல் ஒரு நாள் காலை இரண்டு பேர் பெட்டிகளோடு வந்து பிளேடின் இரண்டு முனையிலும் கம்பம் வைத்து அன்டெனா பூட்டினார்கள். சைட் ஓரத்தில் ஒரு பேஸ் ஸ்டேஷன். ரோட்டின் டிசைன் கேபினுக்குள் இருக்கிற திரையில் ஏறிவிட்டது. சட்டலைட்டையும் பேஸ் ஸ்டேஷனையும் வைத்து, பிளேடு இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அது கணக்குப் பார்க்கும். பார்த்துவிட்டு ஹைட்ரோலிக் வால்வைத் தானே திறந்து மூடும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே போனால் போதும். லீவரில் கை வைக்காமலே பிளேடு ஏறி இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது.

பின்னேரம் லெவல் மெஷின் வைத்துச் சோதித்தார்கள். நானும் முழங்காலில் இருந்து பார்த்தேன். பிழை பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பார்த்தேன். பிழை இல்லை. இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடிந்திருந்தது.

என்னை அவர்கள் அனுப்பவில்லை. சம்பளமும் குறைக்கவில்லை. ஆனால் அந்த மாதம் முடிய முளைக்காரர் இரண்டு பேரையும் ஹெல்ப்பரையும் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவன் என் அறையில் இருந்த மூதூர்ப் பெடியன். அடுத்த வருடம் ரோலரில் ஏற்றுகிறோம் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கத்தார் வர வாங்கின கடன் பாதிகூட அடையவில்லை. அவன் பெட்டி கட்டின இரவு, "அண்ணா, நீங்க சொன்னா வெச்சிருப்பாங்கதானே" என்று கேட்டான். நான் போர்மனிடம் கேட்டேன். முளையே இல்லாத சைட்டில் முளைக்காரன் எதுக்கு என்று அவர் என்னையே கேட்டார். அந்தப் பெடியன் இப்போது மூதூரில் ஓட்டோ ஓட்டுகிறான். நல்ல கைக்காரன். ஸ்டாஃபைப் பார்த்தே எவ்வளவு வெட்ட வேண்டும் என்று லெவல்காரருக்கு முந்திச் சொல்லுவான்.

"ஜிபிஎஸ் பழைய சாமான், உனக்குத்தான் இப்ப தெரியுது" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எனக்கும் தெரியும். 2013இலேயே ஜப்பான் கம்பனி கொமட்சு, பிளேடு தானாக இயங்குகிற டோசரை விற்பனைக்கு விட்டுவிட்டது. இப்போது பூம், ஆர்ம், பக்கெட் மூன்றிலும் சென்சர் பூட்டின எக்ஸ்கவேட்டர் டிசைன் கோட்டுக்குக் கீழே வெட்ட விடாது, தானே நிறுத்தும். அவுஸ்திரேலியாவில் பில்பரா இரும்புச் சுரங்கத்தில் 2008இல் இருந்து ட்ரைவர் இல்லாத லொறிகள் ஓடுகின்றன, 1500 கிலோமீட்டர் தள்ளி பேர்த் நகரத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் உன்சென் எரிமலை 1991இல் ஆட்களைக் கொன்ற பிறகு, மனிதன் போக முடியாத அந்த இடத்தில் ரிமோட் டோசர்களை விட்டார்கள். நான் இன்ஜினியர் இல்லை, படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த இடங்களைக் கவனியுங்கள். சுரங்கத்தில் ஒரே பாதை, வெளியாள் வர முடியாது. எரிமலையில் ஆளே நிற்க முடியாது. ஜப்பானில் சீட்டில் இருத்த இளம் ஆட்கள் கிடைக்கவில்லை. திருகோணமலையில் இந்த மூன்றும் இல்லை. எங்களுக்கு வருகிற மெஷின்களில் கனக்க ஜப்பான்காரன் பாவித்து விற்ற பழைய மெஷின். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குப் போகிற அந்த மெஷினுக்கு அதன் விலைக்குக் கிட்ட ஒரு சிஸ்டம் வாங்கிப் பூட்ட எந்த ஓனரும் முன்வர மாட்டார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் 2015, 2016இல் காணிக்குத் திரும்பியபோது, கத்தாரில் இருந்து வந்துவிட்ட நான் அங்கே பெக்கோவில் காடு வெட்டினேன். வீடு, வேலி, ஒழுங்கை ஒன்றும் இல்லை, எல்லாம் பற்றை. கண்ணிவெடி பார்த்து முடித்த பிறகுதான் எங்களை விட்டார்கள். ஒரு அம்மா காலையில் இருந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றா. பக்கெட் ஒரு இடத்துக்குப் போனதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தா. "தம்பி, அதில எங்கட கிணறு!" நான் இறங்கிப் பார்த்தேன். பற்றையும் மண்ணும் மூடின கட்டு, உள்ளே வெறுமை. இன்னும் இரண்டடி செயின் ஏறியிருந்தால் மெஷினோடு நான் உள்ளே. எந்த வரைபடத்திலும் அந்தக் கிணறு இல்லை. பிறகு பல்லால் மெல்ல மெல்லக் கிளறிக் கட்டு உடையாமல் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டில் இருந்து அவ அழுதா. டவுனுக்குள் பழைய தண்ணிக் குழாய் தேடி வெட்டுகிற வேலையும் இப்படித்தான். திரை காட்டுவது யாரோ முதலில் அளந்து ஏற்றினதை மட்டும்தான்.

இதோடு ஒன்றையும் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். எங்கள் தொழிலைக் கெடுப்பது கம்ப்யூட்டர் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். 2022இல் டீசல் இல்லாமல் என்னை மாதக்கணக்கில் வீட்டில் இருத்தியது கம்ப்யூட்டரா? அதுக்கு அடுத்த வருடம் ஒரு ஓனர் பெர்மிட் இருக்கிறது என்று சொல்லி மகாவலிக் கரையில் மண் ஏற்ற விட்டார். பொலிஸ் வந்தபோது பெர்மிட் இல்லை. பிடிபட்டது நான், கோர்ட்டில் தலை குனிந்து நின்றது நான், தண்டப்பணம் என் மனைவியின் சங்கிலி. ஓனர் போனையும் எடுக்கவில்லை. மண் விற்ற காசு யாருக்குப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த ரோட்டால் போகும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். பழகுங்கள், ஆனால் வெறும் லீவர் மட்டும் பழகாதீர்கள். என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுங்கள், அது இல்லாமல் வெளிநாட்டில் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். லெவல் மெஷின் பார்க்கவும் பிளான் வாசிக்கவும் படித்துவிடுங்கள். கத்தாரில் அந்தத் திரையில் டிசைன் பிழையாக ஏறியிருந்த ஒரு நாள், அதைக் கண்டுபிடித்தது முளை அடித்துப் பழகின என் கண்தான். புதிதாக வந்தவர்கள் திரை சொன்னபடி ஓட்டிக்கொண்டு போனார்கள். நானா எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் தந்த அந்த இருபது நிமிடத்தை இனி உங்களுக்கு யார் தருவார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

இப்போது நிலாவெளிப் பக்கம் ஒரு சைட்டில் நிற்கிறேன். என் ஹெல்ப்பருக்குப் பத்தொன்பது வயது. ஓனருக்குப் பிடிக்காது, டீசல் வீண் என்கிறார். ஆனாலும் பன்னிரண்டரைக்கு நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது அவன்தான் சீட்டில் இருப்பான்.