உச்சியில் மட்டும் பூக்கும் கொடி ரோஜா

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "சுவரோரம் வைத்த கொடி ரோஜா உச்சியில் மட்டுமே பூத்தது, கீழே வெறும் முள்தண்டு. சென்ற ஆண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். இப்போது ஐந்து தண்டுகள் எட்டடிக்கு எழும்பியும் பூவே இல்லை. உரம் போதவில்லையா?"

உரத்தில் குறையில்லை, தண்டுகள் நிற்கும் வாக்கில்தான் இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் தண்டின் நுனிமொட்டு ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருப்பதால், கீழ்க்கணுக்களின் மொட்டுகள் துளிர்க்காமல் அடங்கிக் கிடக்கின்றன. அதே தண்டைப் படுக்கைவாட்டில் கட்டினால் அந்தப் பிடி தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கக்கிளை கிளம்பும். கொடி ரோஜாவின் பூக்களில் பெரும்பகுதி இப்பக்கக்கிளைகளில்தான் வரும்.

எனவே ஐந்து தண்டுகளையும் வெட்டாமல், விசிறிபோல் இருபுறமும் விரித்துச் சாய்த்துக் கட்டுங்கள். ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது என்பதால், சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பிகள் இழுத்துவிட வேண்டும். இளந்தண்டு எளிதில் வளையும். முற்றிய தண்டை ஒரே நாளில் மடக்கினால் அடியில் பிளந்துவிடும் என்பதால், வாரத்துக்குச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சணல் கயிற்றை எட்டு வடிவில், ஒரு வளையம் கம்பியிலும் மறு வளையம் தண்டிலுமாகத் தளர்வாகப் போடுங்கள். மெல்லிய இரும்புக் கம்பி, தண்டு பருக்கும்போது பட்டைக்குள் புதைந்துவிடும்.

கவாத்து என்றால் அடியோடு வெட்டுவது என்ற எண்ணம் புதர் ரோஜாவிலிருந்து வந்தது. கொடியில் பூத்து முடிந்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டினால் போதும். தண்டுகள் மிகும்போது மிகப் பழையதொன்றை அடியோடு நீக்கலாம். இனப்பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் வகையானால், அது முந்தைய ஆண்டுத் தண்டிலிருந்தே பூப்பது; சென்ற ஆண்டு நீங்கள் வெட்டியெறிந்தது இந்த ஆண்டின் பூவை என்றே கொள்ளலாம். அவ்வகையைப் பூத்து ஓய்ந்த உடனே கவாத்து செய்ய வேண்டும்.

இன்னொன்று: கட்டுமுன் தண்டுகளின் அடியைத் தோண்டிப் பாருங்கள். ஒட்டுக் கணுவுக்கு, அதாவது நீங்கள் நட்ட ரோஜாவை வேறொரு ரோஜாவின் வேர்ச்செடியோடு ஒட்டிய இடத்துக்கு, கீழிருந்து கிளம்பியவை அந்த வேர்ச்செடியின் தளிர்கள். அவற்றை எப்படி வளைத்தாலும் நீங்கள் நட்ட ரோஜா பூக்காது. கத்தரித்தால் மீண்டும் துளிர்க்கும், வேரில் அவை கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள்.