காது நன்றாகக் கேட்கும்போதும் தலைசுற்றல் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 54. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. காது நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் காதில்தான் கோளாறு என்கிறார்கள். அது எப்படி? மாத்திரை எடுத்துக்கொண்டால் போதுமா?

பதில்: கேட்கும் திறன் சீராக இருப்பதை மட்டும் வைத்து உட்செவியில் கோளாறு இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. ஒலியை உணரும் காக்ளியாவும், உடலின் சமநிலையை உணரும் உறுப்புகளும் ஒரே எலும்புக்குள் அடுத்தடுத்து அமைந்து, ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொண்டாலும், அவற்றின் உணர்விகள் வெவ்வேறானவை.

நத்தை ஓட்டைப்போல் சுமார் இரண்டரைச் சுற்றுகள் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியதிர்வு திரவத்தில் அலையாகப் பரவி மயிர்ச்செல்களைத் தூண்டுகிறது. உங்கள் தொல்லைக்கு இந்தப் பகுதி காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

சமநிலைப் பகுதியில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தான தளங்களில் அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியையும், அவற்றின் அடியிலுள்ள இரண்டு சிறு பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன. அந்தப் பைகளில், பசைபோன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் நுண்படிகங்கள் ஒட்டியிருக்கும். வயதாவதாலோ தலையில் அடிபடுவதாலோ இவற்றில் சில உதிர்ந்து, பெரும்பாலும் பின்புற அரைவட்டக் குழாய்க்குள் சென்றுவிடுகின்றன. நீங்கள் புரண்டு படுக்கும்போது, தலை அசைவற்று நின்ற பிறகும் அந்தப் படிகங்கள் புவியீர்ப்பால் சரிந்து திரவத்தை நகர்த்துவதால், ஒரு காது ‘சுழல்கிறோம்’ என்றும் மறு காது ‘இல்லை’ என்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த முரண்பாடே சுழற்சியாக உணரப்படுகிறது. படிகங்கள் அடங்கியதும் சுழற்சியும் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் அரை நிமிடக் கணக்கு இதனுடன் நன்றாகவே பொருந்துகிறது. உட்செவியின் வேறொரு கோளாறான மெனியேர் நோயாக இருந்தால் சுழற்சி 20 நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை நீடிப்பதோடு, காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து வரும்.

மாத்திரை குமட்டலைத் தணிக்கலாமே தவிர, இடம்பெயர்ந்த படிகத்தைத் திருப்பி வைக்காது. வாரக்கணக்கில் அதையே விழுங்கிக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் ‘டிக்ஸ்–ஹால்பைக்’ சோதனையில் உங்கள் தலையைச் சாய்த்து, விழி துடிக்கும் விதத்தைக் கொண்டு எந்தக் காது, எந்தக் குழாய் என்று கண்டறிவார். பின்புறக் குழாய்தான் என்றால், ‘எப்லி’ முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களைப் பைக்கே திரும்பச் செலுத்துவார். பலருக்கு ஓரிரு அமர்வுகளில் குணமாகிவிடுகிறது. சிலருக்குப் பின்னாளில் மீண்டும் வரக்கூடும், அப்போதும் இதே சிகிச்சை பலன் தரும். பக்கம் தெரியாமல் காணொளியைப் பார்த்து நீங்களே முயலாதீர்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தலைசுற்றலுடன் பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், கை கால் பலவீனம், நடக்க முடியாத தள்ளாட்டம், புதிய கடுமையான தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அது காதுப் பிரச்சினையாக இருக்கும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.